உங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்

தெஸ்ஃபூலில் ‘மிஸ்டர்’ என்ற பட்டம் இரண்டு வகை ஆட்களுக்குத்தான் கிடைக்கும். அமெரிக்காவிலிருந்து விமானமேறி வந்து இறங்கியவர்கள் ஒரு வகை. அவர்களுக்குப் பின்னால் தொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் இன்னொரு வகை. சைஃபுல்லா இரண்டாம் வகை. ஆனால் முதல் வகைக்காரர்களைவிட அவர்தான் அந்தப் பட்டத்தை அதிகம் ரசித்தார். கடைத்தெருவில் யாராவது வெறுமனே ‘சைஃபுல்லா’ என்று கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது.

இங்கிலீஷ் அவருக்கு அபாதானில் கிடைத்தது. எண்ணெய் ஆலையின் சாமான் கிடங்கில் ஒரு இங்கிலீஷ்கார அதிகாரிக்கு நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்து, அவர் வாயிலிருந்து விழுந்த வசவுகளைப் பொறுக்கிச் சேர்த்த பாஷை. இங்கிலீஷ்காரர்களை நாட்டை விட்டுக் கிளப்பியபோது ஊரே மேளம் கொட்டியது. சைஃபுல்லா மட்டும் வேலை போன துக்கத்தில் கையில் ஒரு குடையோடு தெஸ்ஃபூலுக்குத் திரும்பினார். வருஷத்தில் பாதி நாள் மழையையே பார்க்காத ஊரில் அந்தக் குடையும் அந்த இங்கிலீஷும் ஒரே மூலையில் சாய்ந்து கிடந்தன.

பிறகுதான் ஆலோசனைக் கம்பெனி வந்தது.

க்ராண்டல்-விட்லோ கம்பெனி என்று பெயர்ப்பலகை வைத்திருந்தார்கள். அணை கட்டுகிற கம்பெனி என்று ஊர் நினைத்தது. அப்படி அல்ல. அணையை எங்கே கட்டலாம் என்று சொல்கிற கம்பெனி. கரும்பு நடுவார்களோ என்று பார்த்தால், அதுவும் இல்லை. கரும்பு நட்டால் நாடு எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். அணை கட்டினவன் இத்தாலிக்காரன். சிமெண்டு சுமந்தவன் மலையிலிருந்து இறங்கி வந்த லூர் இனக் கூலிக்காரன். செலவு நம் எண்ணெய்க் கிணறுகளுடையது. ஆலோசனை மட்டும் அமெரிக்காவுடையது. எல்லாவற்றிலும் விலை கூடின சரக்கும் அதுதான்.

எங்கோ அவர்கள் நாட்டில் ஒரு பள்ளத்தாக்கைச் சீராக்கினார்களாம். அன்றிலிருந்து அந்தப் பள்ளத்தாக்கை சூட்கேசில் மடித்து வைத்துக்கொண்டு தேசம் தேசமாகப் போகிறார்கள். எந்த அரசாங்கம் கதவைத் திறந்தாலும் சூட்கேசைத் திறந்து அதே பள்ளத்தாக்கை மேசைமேல் விரிப்பார்கள். நீலக் கோடு ஆறு, பச்சைக் கட்டம் வயல், கறுப்புப் புள்ளி மின்சாரம். தெஹ்ரானில் மந்திரிகள் அதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். மழைத் தண்ணீர் போகச் சாக்கடை போட்டிராத தெருக்களில் கார் ஓட்டிக்கொண்டு வந்த மந்திரிகள் அவர்கள்.

தெஸ்ஃபூலைச் சுற்றியிருந்த கூஸெஸ்தான் சமவெளிக்கு அந்தக் கம்பெனி அனுப்பிய ஆள் மிஸ்டர் எல்ட்ரிஜ். சிவந்த கழுத்து, வைக்கோல் தொப்பி, எந்த வயலில் இறங்கினாலும் ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்து பார்க்கும் பழக்கம். முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடித் தலையாட்டுவார். புகைப்படக்காரன் கூட இல்லாத நாட்களில் மண்ணை முகர்வதில்லை என்று ஜீப் டிரைவர்கள் சொல்வார்கள். அது வம்பு. சில நாள் புகைப்படக்காரன் இல்லாமலும் முகர்ந்திருக்கிறார்.

அந்த மிஸ்டருக்குத்தான் சைஃபுல்லா மொழிபெயர்ப்பாளர் ஆனார். வேலையில் சேர்ந்த முதல் வாரமே தொழிலின் சூட்சுமம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. ஒருவர் சொன்னதை இன்னொருவருக்கு அப்படியே சொன்னால் இருவருக்கும் கோபம் வரும். சர்க்கரை தடவிச் சொன்னால் இருவரும் டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

“இந்த ஆளு நெல்லு வெளையறதைப் பாத்திருக்கானா, இல்ல சோத்தை மட்டும் பாத்திருக்கானா?” என்று ஒரு குடியானவர் கேட்பார்.

“உங்க அனுபவத்தைப் பார்த்து அதிசயப்படறார் சார்” என்பார் சைஃபுல்லா.

“இவங்களுக்கு எதைச் சொன்னாலும் மண்டையில ஏற நேரமாகுது” என்பார் எல்ட்ரிஜ்.

“உங்க நிதானத்தை மிஸ்டர் ரொம்ப மெச்சறார்” என்பார் சைஃபுல்லா. குடியானவர் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு தட்டு பேரீச்சம்பழத்தை நீட்டுவார்.

இப்படி மூன்றாவது பாஷை ஒன்றை, யாருமே பேசாத இனிப்பான ஒரு பாஷையை, வயல்வெளியெங்கும் தெளித்துக்கொண்டு போன சைஃபுல்லா, ஒரே ஒரு பதிலை மட்டும் வார்த்தைக்கு வார்த்தை சரியாக மொழிபெயர்த்தார். அவர் செய்த பாவம் அதுதான்.

அது முதலில் சர்பீஷெ கிராமத்தில் நடந்தது. ஊர்த்தலைவர் ஷீர்ஸாத். பெரிய மீசை, அதைவிடப் பெரிய மனசு. ஜீப்பில் வந்தவர்களுக்கு ஆடு அடித்து, சோறு போட்டு, எருமைப் பாலாடையில் பேரீச்சம்பழப் பாகை ஊற்றித் தன் கையாலேயே பரிமாறினார். சாப்பிட்டு முடித்த எல்ட்ரிஜ் பல்குத்திக்கொண்டே கேட்டார்: “கேளுங்க சைஃபுல்லா, இந்த நெலத்தைத் திட்டத்துக்குக் கொடுக்க இவங்களுக்குச் சம்மதமா?”

சைஃபுல்லா கேட்டார். ஷீர்ஸாத் நெஞ்சில் கைவைத்து எழுந்து நின்றார்.

“நெலமா? இது ஒரு நெலமா? உங்க கால் தூசிக்கு ஈடாகுமா இது? எல்லாம் உங்களோடதுதான். எடுத்துக்கிட்டுப் போங்க!”

நம் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் வேறு எப்படிப் பேசுவது? விருந்தாளி கிண்ணம் நன்றாயிருக்கிறது என்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது வழக்கம். விருந்தாளி பதறி, ‘ஐயோ, உங்கள் வீட்டிலேயே அது இருக்கட்டும், அழகே அதில்தான்’ என்பதும் வழக்கம். கடைக்காரனிடம் விலை கேட்டால் ‘உங்களிடம் போய் விலையா’ என்பான். அதை நம்பிப் பொருளைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் இந்த ஊரில் பிறக்கவில்லை. ஷீர்ஸாத் தன் பாதியைச் சொல்லிவிட்டு, விருந்தாளியின் பாதிக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

சைஃபுல்லா சொன்னார்: “எல்லாம் உங்களோடதாம். எடுத்துக்கச் சொல்றார்.”

எல்ட்ரிஜின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. அவர் முகம் அப்படி ஆவதைப் பார்க்க சைஃபுல்லாவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

“அருமையான மனுஷங்க. நன்றி சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு எல்ட்ரிஜ் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஷீர்ஸாத் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

அங்கே அரசாங்கத்தின் சார்பில் இன்ஜினியர் ஃபர்ஹூமந்த் உட்கார்ந்திருந்தார். தெஹ்ரான்காரர், கறுப்புக் கண்ணாடி, காலில் வெள்ளை ஷூ. கிராமத்து ஈயைக்கூட தொடாமல் விரட்டத் தெரிந்தவர். அவருக்கு உபசாரம் தெரியாதா? உபசாரம் பேசிப் பேசியே பதவி உயர்வு வாங்கியவர் அவர். ஷீர்ஸாத் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் எல்ட்ரிஜைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஃபர்ஹூமந்த் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். ஒரு கிராமத்தைக் காலி செய்வதற்கு அவர் எடுத்துக்கொண்ட சிரமம் அவ்வளவுதான்.

கோடைக்குள் சர்பீஷெ இல்லை. ஜனங்களை ‘மாதிரி நகரம்’ என்ற சிமெண்டுப் பெட்டிகளில் கொண்டுபோய் அடைத்தார்கள். வரிசை வரிசையாக ஒரே அச்சு. ஆடு கட்ட இடமில்லை, ரொட்டி சுட அடுப்புக்குழி இல்லை. கழிவறைகளை மட்டும் கவனமாகக் கட்டியிருந்தார்கள், உட்கார்ந்தால் சரியாக மெக்காவைப் பார்த்து, எந்தத் திசையில் அப்படி உட்காருவது பாவமோ அந்தத் திசையில். ஜனங்கள் அதில் கோழியை அடைத்துவிட்டு வழக்கம்போல வெளியே போனார்கள். ‘புதிய வசதிகளைக் கிராமத்தினர் தம் தேவைக்கேற்ப உற்சாகமாகப் பயன்படுத்துகின்றனர்’ என்று கம்பெனி அறிக்கை எழுதியது.

முதல் தடவை சைஃபுல்லாவுக்கு இரண்டு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. இதே பேச்சால் அடுத்த கிராமமும் காலியானபோது இரண்டு நாள். அதற்கடுத்த கிராமத்தில் அன்று மத்தியானமே இறங்கியது. இதற்குள் அவர் வீட்டில் ஒரு குளிர்சாதனப் பெட்டி வந்துவிட்டது. அதில் வைக்க ஒன்றும் இல்லாததால் குடையை வைத்திருந்தார் என்று கடைத்தெரு சிரித்தது.

ஒரு காலை, கம்பெனி அலுவலகத்தில் எல்ட்ரிஜ் வரைபடத்தின்மேல் குனிந்து சிவப்புப் பென்சிலால் அடுத்த வட்டத்தைப் போட்டார். பக்கத்தில் டீயோடு நின்ற சைஃபுல்லா வட்டத்துக்குள் இருந்த பெயரைப் படித்தார். டீ வரைபடத்தின்மேல் கொட்டியது.

கலேநார்.

அவர் தாய்மாமன் மெஹ்ராபின் கிராமம். அப்பா செத்த பிறகு சைஃபுல்லாவைத் தோளில் போட்டு வளர்த்த மாமா. எலுமிச்சைத் தோட்டம், அதன் ஓரத்தில் இலந்தை மரம், மரத்தடியில் சைஃபுல்லாவின் அம்மாவுடைய சமாதி. டீ அதன்மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. எல்ட்ரிஜ் கைக்குட்டையால் ஒற்றினார். “பரவாயில்லை சைஃபுல்லா, ஆத்தைத்தான் கொஞ்சம் நகர்த்திட்டீங்க” என்று சிரித்தார்.

அன்று சாயங்காலமே சைஃபுல்லா கலேநாருக்கு ஓடினார்.

“மாமா, மிஸ்டர் வரப்போறார். நெலத்தைக் கேப்பார். நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மாட்டேன்னு.”

“யாருகிட்ட?”

“மிஸ்டர்கிட்ட.”

“என் வீட்டுக்கு வந்தவர்கிட்டயா?” மெஹ்ராப் மாமா தன் மனைவியைப் பார்த்தார். “ஏ மாஹ்பேகம், இவனுக்கு வெயில் தலைக்கேறிடுச்சு. மோர் கொண்டா.”

“மாமா, வெளையாட்டு இல்ல. சர்பீஷெ எங்க போச்சு தெரியுமில்ல? சரி, ஒத்திகை பாப்போம். நான்தான் மிஸ்டர். கேக்கறேன். நெலத்தைக் கொடுக்கறீங்களா?”

“உனக்கு இல்லாததாடா? எடுத்துக்க.”

“மாமா!”

“நீ என் தங்கச்சி புள்ளடா. உன் மொகத்தைப் பாத்து எப்படி இல்லேன்னு சொல்ல?”

“நான் சைஃபுல்லா இல்ல. வேத்து மனுஷன். அமெரிக்காக்காரன்.”

“வேத்து மனுஷன்னா சுத்தமாச் சொல்ல முடியாதுடா. அவன் ஊர்ல போய் நம்மளப் பத்தி என்ன பேசுவான்?”

இன்னும் இரண்டு தடவை முயன்றார்கள். ஒரு தடவை மாமா கண்ணை மூடிக்கொண்டு, முஷ்டியை இறுக்கி, ‘மா’ என்ற எழுத்துவரை போனார். அதற்குமேல் இருமல் வந்துவிட்டது.

மாஹ்பேகம் அத்தை மோர்க் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். கலேநாரில் அவளுக்குப் பயப்படாத எருமை கிடையாது.

“டீ கொடுக்காம வாசல்லயே நிக்க வைங்க. உள்ள வந்து உக்காந்தாத்தானே விருந்தாளி?”

“என்னை வெட்டிப் போட்டுட்டு அதைச் செய்யி” என்றார் மாமா.

கடைசியில் சைஃபுல்லாவே வழி கண்டுபிடித்தார். “நீங்க வாய்க்கு வந்ததைச் சொல்லுங்க மாமா. நான் அதை ‘மாட்டேன்’னு மாத்திச் சொல்லிடறேன்.”

“பொய்யா?” என்று அத்தை புருவத்தைத் தூக்கினாள். “இத்தனை நாள் நெசம் பேசிப் பாத்தியாக்கும்.”

சைஃபுல்லா மோர்க் கிண்ணத்தை எடுத்துக் குடித்தார்.

ஜீப் வந்தது. எல்ட்ரிஜ் இறங்கினதும் ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து, ‘முதல் தரம்’ என்றார். ஃபர்ஹூமந்த் ஒரு கல்லின்மேல் ஷூவைத் துடைத்துக்கொண்டார். மாமா வீட்டில் மூன்று ஆடுகளின் கதை முடிந்திருந்தது. தரையில் துணி விரித்து, எலுமிச்சை பிழிந்த கறியும் குங்குமப்பூச் சோறும் பாலாடையுமாக வந்துகொண்டே இருந்தன.

எல்ட்ரிஜ் டீ கிளாஸைத் தூக்கிப் பார்த்து, அழகாயிருக்கிறது என்றார். மாமா கிளாஸைத் துணியில் சுற்றி அவர் மடியில் வைத்தார். எல்ட்ரிஜ் வாங்கிக்கொண்டார். மாமாவின் கண் ஒரு தடவை இமைத்தது. பிறகு எல்ட்ரிஜ் தான் உட்கார்ந்திருந்த கம்பளத்தைத் தடவி, யார் நெய்தது என்று கேட்டார். அத்தையின் அம்மா நெய்தது. மாமா விருந்தாளியை மெல்ல எழுப்பி, கம்பளத்தைச் சுருட்டி ஜீப்பில் ஏற்றச் சொன்னார். கதவுத் திரைக்குப் பின்னால் ஒரு பாத்திரம் பெரிய சத்தத்தோடு விழுந்தது.

பிறகு அந்தக் கேள்வி வந்தது.

மாமா எழுந்தார். சைஃபுல்லாவைப் பார்த்தார். வெறும் தரையில் நின்றுகொண்டு நெஞ்சில் கைவைத்தார்.

“எல்லாம் உங்களோடதுதான். இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?”

சைஃபுல்லா தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். எல்ட்ரிஜ் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“வேண்டாம் சைஃபுல்லா. இந்த வாக்கியம் இப்ப எனக்கே புரியும். எத்தனை கிராமத்துல கேட்டிருக்கேன்!” என்று பெருமையாகச் சிரித்தார். அவர் இந்த நாட்டில் கற்றுக்கொண்ட பாஷை அவ்வளவுதான், ஒரு வாக்கியம். அதுவும் அரை வாக்கியம்.

சைஃபுல்லாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

எல்ட்ரிஜுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. நெகிழ்ந்தால் அவர் சட்டைப் பையிலிருந்து கம்பெனி கொடுத்த சின்னப் புத்தகத்தை எடுத்து அதிலிருந்து ஒரு வரி படிப்பார். மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாக, நம் பாஷையிலேயே படித்தார்:

“என் வீடு உங்கள் வீடு. குடும்பத்தோடு வாருங்கள்.”

மாமா தலையைக் குனிந்து வணங்கினார். உபசாரத்துக்கு உபசாரம், அவருக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. ஜீப் கிளம்பியது. கம்பளம் பின்சீட்டில் ஃபர்ஹூமந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போயிற்று.

திரை விலகியது.

“சைஃபு” என்றாள் அத்தை. “அந்த ஆளு கடைசியா சொன்னது உபசாரமா, நெசமா?”

சைஃபுல்லா சுவரோரம் குந்தியிருந்தார். அத்தை கேட்டது மெதுவாகத்தான் அவருக்குள் இறங்கியது. இறங்கிய பிறகு அவர் எழுந்து நின்ற விதம் வேறாக இருந்தது.

“அவங்ககிட்ட உபசாரமே கெடையாது அத்தை. நாம சொல்றதை அப்படியே எடுத்துக்கறவங்க, அவங்க சொல்றதும் அப்படியேதானே இருக்கணும்? எங்கம்மா சமாதி மேல ஆணையா சொல்றேன், மிஸ்டர் உங்களைக் குடும்பத்தோட கூப்பிட்டிருக்கார்.”

“குடும்பம்னா?”

“கலேநார்ல யாரு உங்களுக்குக் குடும்பம் இல்ல?”

அத்தை சிரிக்கவில்லை. எருமைகளை அவிழ்க்கப் போனாள்.

மாமாவைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. போகக்கூடாது என்பதற்காக அல்ல, வெறுங்கையோடு எப்படிப் போவது என்பதற்காக. கடைசியில் நாலு ஆட்டுக்குட்டியும் ஒரு கூடை எலுமிச்சையும் எடுத்துக்கொண்டபின்தான் வண்டியேறினார்.

அமெரிக்கக் குடியிருப்பு தெஸ்ஃபூலுக்கு வெளியே வேலி போட்டுத் தனியாக இருந்தது. நம் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து புல் வளர்த்திருந்தார்கள், வெட்டி எறிவதற்காக. நடுவே ஒரு நீச்சல் குளம். எல்ட்ரிஜ் அந்த வாரம் மந்திரிகளுக்குப் பள்ளத்தாக்கை விரித்துக் காட்ட தெஹ்ரான் போயிருந்தார். கதவைத் திறந்தது அவர் மனைவி. பாவம், நல்ல அம்மா. வாசலில் ஒரு கிராமமே நிற்பதைப் பார்த்ததும் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, தன் அம்மா சொல்லிக் கொடுத்ததை மறக்காமல் புன்னகை செய்தாள்.

மாமா முறைப்படி தயங்கினார். “வேண்டாம் தாயி, உங்களுக்கு ரொம்ப சிரமம். நாங்க இப்படியே போயிடறோம்.”

சைஃபுல்லா சொன்னார். “சிரமமா? ஒண்ணுமே இல்லை! வாங்க வாங்க!” என்றாள் அந்த அம்மா.

“இல்ல தாயி, கூட்டம் ஜாஸ்தி.”

“அதனால என்ன? உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க!”

சைஃபுல்லா ஒரு எழுத்துகூடக் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தார்.

கலேநார் உள்ளே போயிற்று. அவரவர் வீடு மாதிரியே நினைத்துக்கொண்டார்கள். பெண்கள் புல்தரையில் அடுப்புக்குழி தோண்டினார்கள். ரோஜாச் செடிகளின்மேல் போர்வைகள் காய்ந்தன. அத்தை நடுக்கூடத்துக்குப் போய், தன் அம்மாவின் கம்பளத்தைக் கண்டுபிடித்து, அதன்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவே இல்லை. எருமைகளுக்கு யாரும் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தன, இறங்கின, மூக்கை மட்டும் மேலே வைத்துக்கொண்டு கண்ணை மூடின. க்ராண்டல்-விட்லோ கம்பெனி இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு நீர்த்திட்டம் உண்மையாகவே யாருக்காவது பயன்பட்டது அன்றுதான்.

வாரக் கடைசியில் எல்ட்ரிஜ் திரும்பினார். தனியாக அல்ல. திட்டத்துக்குக் கடன் கொடுப்பதா வேண்டாமா என்று பார்க்க ஒரு வங்கியிலிருந்து வந்த மூன்று கோட்டுக்காரர்களும் ஃபர்ஹூமந்தும் கூடவே வந்தார்கள். குடியிருப்பில் மத்தியான விருந்து என்று ஏற்பாடு. கார்க் கதவைத் திறந்ததும் சுட்ட ரொட்டியும் சாணியும் கலந்த வாசனை அவர்களை வரவேற்றது. அதற்கு அடுத்தபடி மாமா வரவேற்றார்.

“சைஃபுல்லா!” எல்ட்ரிஜின் கழுத்துச் சிவப்பு முகம்வரை ஏறியது. “யார் இவங்க? யார் கூப்பிட்டா?”

“நீங்கதான் சார். குடும்பத்தோட வரச்சொல்லி.”

“நானா? யோவ், அது சும்மா மரியாதைக்குச் சொல்ற பேச்சு! புத்தியுள்ளவன் எவனாவது அதைப்போய் நெசம்னு எடுத்துக்குவானா?”

வங்கிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபர்ஹூமந்த் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, அப்படியே போட்டுக்கொண்டார்.

“என்னடா சொல்றார்?” என்றார் மாமா.

சைஃபுல்லா சர்க்கரை தடவவில்லை. “சும்மா மரியாதைக்குச் சொன்னாராம் மாமா. அதை நெசம்னு எடுத்துக்கறவனுக்குப் புத்தி இல்லேங்கறார்.”

மாமா ஒரு கணம் விழித்தார். பிறகு தொடையில் அறைந்துகொண்டு சிரித்தார். பல நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் உருண்டுபோன சிரிப்பு.

“உபசாரமா? அட, இதை அன்னிக்கே சொல்லித் தொலைக்கக் கூடாதா? நான் சொன்னதும் அதுதான்னு சொல்லுடா! நெலம் உங்களுதுன்னு நான் சொன்னேன், வீடு எங்களுதுன்னு அவர் சொன்னார். ரெண்டும் உபசாரம். அவர் வீடு அவருக்கு, என் நெலம் எனக்கு. சரிதானான்னு கேளு. சரின்னா இந்த நிமிஷமே எருமையை ஓட்டிக்கிட்டுக் கெளம்பறேன். எவ்வளவு நாள்தான் நாங்களும் இந்தப் புல்லுல கெடந்து அவஸ்தைப்படறது?”

சைஃபுல்லா அதையும் சொன்னார், சத்தமாக, கோட்டுக்காரர்கள் பக்கம் திரும்பி.

“ஆமாம் ஆமாம், சரி, எல்லாம் சரி!” என்று கத்தினார் எல்ட்ரிஜ். “முதல்ல அந்த மிருகத்தைக் குளத்தை விட்டு வெளியே எடுக்கச் சொல்லு!”

கோட்டுக்காரர்களில் ஒருவர், மற்றவர்களைவிடக் கொஞ்சம் மெலிந்தவர், எல்ட்ரிஜ் பக்கம் சாய்ந்து கேட்டார்: “அப்படின்னா, மத்த கிராமங்களும் இதே மாதிரிதான் சம்மதிச்சாங்களா?”

நல்ல கேள்வி. ஆனால் அதற்குள் உள்ளே மேசையில் கறி வைத்துவிட்டார்கள். அந்தக் கேள்வி கறியோடு சேர்ந்து உள்ளே போய், கறியோடு சேர்ந்து செரித்துவிட்டது. கடன் வந்தது.

போகும்போது அத்தை கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள். “அதுவும் உபசாரம்தான்னு சொல்லுடா” என்றாள். எல்ட்ரிஜின் மனைவி வாசல்வரை வந்து வழியனுப்பி, “மறுபடி கட்டாயம் வரணும்” என்றாள். இந்தத் தடவை சைஃபுல்லா அதை மொழிபெயர்க்கவில்லை.

வரைபடத்தில் சிவப்பு வட்டத்தை அழித்தார்கள். கலேநாரின் மண் சாகுபடிக்கு லாயக்கில்லாத உப்பு மண் என்று கம்பெனி அறிக்கை கண்டுபிடித்தது. மண்ணை முகர்ந்து ‘முதல் தரம்’ என்று சொன்ன அதே மூக்குதான் அந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போட்டது. புல்டோசர்கள் கலேநாரைச் சுற்றிக்கொண்டு போயின. சைஃபுல்லாவை வேலையிலிருந்து அனுப்பினார்கள். ‘மொழிபெயர்ப்பில் நுட்பம் போதாது’ என்று காரணம் சொன்னார்கள். சில வருஷம் கழித்துக் கம்பெனியும் சூட்கேசை மூடிக்கொண்டு வேறு ஒரு தேசத்துக்கு, வேறு ஒரு ஆற்றுக்குப் போயிற்று. பள்ளத்தாக்கு அதேதான்.

சைஃபுல்லா மாமா வீட்டிலேயே தங்கிவிட்டார். கடைத்தெருவில் மிஸ்டர் பட்டம் ஒரே மாசத்தில் உதிர்ந்துபோனது. எலுமிச்சையைக் கழுதைமேல் ஏற்றி ஊர் ஊராக விற்றார். கலேநாரில் அவரைத் தலைமேல் வைத்துக் கூத்தாடினார்கள். ஊரைக் காப்பாற்றிய புத்திசாலி என்றார்கள். அவரும் கொஞ்ச நாள் அதை நம்பினார். மாதிரி நகரத்துப் பக்கம் மட்டும் கழுதையைத் திருப்புவதில்லை.

ஒரு பனிக்காலத்தில் கழுதையே திரும்பிவிட்டது. சிமெண்டுப் பெட்டிகளுக்கு நடுவே வாசல்படியில் உட்கார்ந்திருந்த கிழவர் எழுந்து நின்றார். மீசை அப்படியே இருந்தது. ஷீர்ஸாத்.

“அடடே, மிஸ்டர் சைஃபுல்லா! வாசல்லயே நிக்கறதா? உள்ள வாங்க.”

“இல்ல, அவசரமாப் போறேன்...”

“உள்ள வாங்க” என்றார் ஷீர்ஸாத்.

சைஃபுல்லா உள்ளே போய் உட்கார்ந்தார். டீ வந்தது. தட்டில் பேரீச்சம்பழம் வந்தது. ஷீர்ஸாத் எதிரில் உட்கார்ந்து, அவர் ஒவ்வொரு மடக்காகக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க மாமா கதையைக் கேள்விப்பட்டேன்” என்றார். “கலேநாருக்காக நல்லா மொழிபெயர்த்தீங்களாமே.”

சைஃபுல்லா கிளாஸைக் கீழே வைத்தார். எதையாவது பேசித் தொலைக்க வேண்டுமே என்று சுற்றுமுற்றும் பார்த்தார். “வீடு... சுத்தமா இருக்குங்க” என்றார்.

ஷீர்ஸாத் நெஞ்சில் கைவைத்து எழுந்தார். குரலில் ஒரு பிசிறு இல்லை, உபசாரத்தில் ஒரு குறை இல்லை.

“பிடிச்சிருக்கா? உங்களோடதுதான். இதையும் எடுத்துக்கிட்டுப் போங்க.”

சொல்லிவிட்டு, அன்று போலவே, விருந்தாளியின் பாதிக்காகக் காத்துக்கொண்டு நின்றார். சைஃபுல்லாவுக்கு இரண்டு பாஷையிலும் ஒரு வார்த்தை வரவில்லை.